ராக்கெட்டுக்குச் சிக்கெடுத்தவர்

காவிரிப் பாலத்தில் அவருடைய ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து ஒரு முறை போயிருக்கிறேன். ஒரே ஒரு முறைதான். ஸ்ரீரங்கத்திலிருந்து தில்லை நகரில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பஸ் வரவில்லை. அந்தப் பக்கம்தான் போகிறேன் என்று அவர் சொன்னார், ஏறிக்கொண்டேன். பாலத்தில் முதலில் ஓர் ஆட்டோ எங்களைத் தாண்டியது. அது நியாயம். அடுத்து, கீரைக் கூடை கட்டிய ஒரு சைக்கிள் தாண்டியது. சைக்கிள்காரர் திரும்பி எங்களை ஒரு பார்வை பார்த்தார். வண்டி ரிப்பேர் என்று நினைத்திருப்பார்.

"சார், சைக்கிள் போகுது," என்றேன்.

"ஆமாம்மா, பார்த்தேன்." கொஞ்ச தூரம் போன பிறகு மீதியைச் சொன்னார். "அவருக்குக் கீரை வாடிடும்ல."

எனக்கும் அங்கே ஆட்கள் வாடிக்கொண்டிருந்தார்கள். காலையில் சாப்பிடாமல் வந்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு ரத்தம் எடுக்கிற வேலை என்னுடையது. அந்த வேலையில் வேகம்தான் கருணை. ஊசி உள்ளே போனது தெரிவதற்குள் வெளியே வந்திருக்க வேண்டும். அப்படியே பழகிப்போன எனக்கு, ஸ்ரீரங்கம் ரயில் நிலையத்துக்குப் பின்பக்கத் தெருவில் மாடி போர்ஷனுக்குக் குடிபோனபோது, வீட்டுக்காரராக இப்படி ஒருவர் வாய்த்தார்.

துவாக்குடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களுக்கு வரைபடம் போடும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். நெடுநெடுவென்ற உயரம். சட்டைக் கையை மடித்துவிடுவதற்கே அவருக்கு ஒரு தனிப்பொழுது வேண்டும். ஒரு மடிப்பு மடிப்பார், பார்ப்பார், பிரிப்பார், மறுபடி மடிப்பார். அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவர். பேச்சும் நடையும் சமையலும் எல்லாமே அக்காவுக்கு ஓட்டம்தான். மத்தியானச் சாப்பாட்டுக்கு அவரைப் பன்னிரண்டு மணிக்கே கூப்பிட ஆரம்பித்துவிடுவார். அப்போதுதான் ஒரு மணிக்காவது வந்து உட்காருவார் என்பது அக்காவின் கணக்கு.

"எங்க கல்யாணத்துல தாலி கட்டறதுக்குள்ள நாதஸ்வரக்காரருக்கு மூச்சு வாங்கிடுச்சு தெரியுமா?" என்று அக்கா அவரை வைத்துக்கொண்டே சொல்வார். "கெட்டிமேளம் கெட்டிமேளம்னு கத்தின எங்க மாமாவுக்குத் தொண்டை கட்டிப்போச்சு. குனிஞ்ச தலையோட எனக்குக் கழுத்து வலி."

அவர் சிரித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார். அக்கா வேறு பேச்சுக்குப் போய், அதையும் முடித்து, அடுப்பைப் பார்க்க எழுந்த பிறகு பதில் வரும்.

"முடிச்சு சரியா விழணும்ல."

யாரையும் மறுத்துப் பேசமாட்டார் என்பது அவரிடம் இருந்த இன்னொரு தொல்லை. மறுத்தாலாவது சண்டை போடலாம். "மாடிக் குழாய் சொட்டுது சார்" என்றால் "சரி பண்ணிடலாம்மா" என்பார். அந்தச் சொல்லில் பொய்யே இருக்காது. மனதார ஒத்துக்கொள்வார். அந்தக் குழாய், நாங்கள் வீட்டைக் காலி செய்து காட்டூருக்குப் போன நாளிலும் சொட்டிக்கொண்டுதான் இருந்தது.

ஒரு தடவை அவர்மேல் எனக்குக் கடுமையான கோபம் வந்திருக்கிறது. என் மகள் மாடிப்படியில் விழுந்து கையை முறித்துக்கொண்டாள். என் கணவர் வெளியூரில். கீழே ஓடினேன். அவரிடம் ஒரு பழைய கார் இருந்தது. சாவியை எடுத்துக்கொண்டு வந்தவர், வண்டியில் ஏறுவதற்கு முன்னால் ஒரு துணியை எடுத்து முன்கண்ணாடியைத் துடைத்தார். ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலை வரைக்கும். குழந்தை அழுகிறாள். "சார், கிளம்புங்க சார்" என்று கத்தினேன். "கிளம்பிடலாம்மா" என்றார்.

பாலத்தில் பள்ளங்கள் நிறைந்திருந்த காலம் அது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் நின்று, ஒதுங்கி, இறங்கி, ஏறி, பின்னால் ஹாரன் அடித்தவர்களுக்கெல்லாம் கையைக் காட்டி வழிவிட்டு, ஒரு வழியாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். கட்டுப் போட்டுத் திரும்பும்போது அவரைக் கூப்பிடவில்லை. வேகமாகப் போய்விடலாம் என்று ஆட்டோ பிடித்தேன். வழியெல்லாம் தூக்கிப் போட்டதில் குழந்தை அலறிக்கொண்டே வந்தாள். வீட்டு வாசலில் இறங்கியதும், "அங்கிள் கார்ல வலிக்கவே இல்லம்மா," என்றாள்.

அதற்காக என் கோபம் தீர்ந்துவிடவில்லை. பள்ளத்துக்கு ஒதுங்கியது சரி, கண்ணாடியைத் துடைத்தது எதற்கு என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

இப்படிப்பட்டவர் வீட்டுக்கு ராக்கெட் என்ற பெயருடைய ஒரு நாய் வந்து சேர்ந்தது. வந்த விதமும் அவர் பாணிதான்.

எங்கள் தெருக்கோடி வீட்டில் ஒரு இளம் பெண்ணும் அவள் கணவரும் இருந்தார்கள். அவர்கள் வளர்த்த நாய் அது. கோல்டன் ரிட்ரீவர் ஜாதி, கன்றுக்குட்டிக்குக் கொஞ்சம் குறைவான உயரம், உடம்பு முழுக்கத் தேன் நிறத்தில் நீண்ட முடி. குட்டியாக இருந்தபோது பாய்ந்த பாய்ச்சலைப் பார்த்து வைத்த பெயர். வெளிநாட்டில் வேலை கிடைத்து இருவரும் அவசரமாகக் கிளம்பியபோது, நாயை அந்தப் பெண்ணின் தம்பி பொறுப்பில் விட்டுவிட்டுப் போனார்கள். அவன் உறையூரிலிருந்து தினமும் வந்து சோற்றை வைத்துவிட்டுப் போவான். அதற்கு மேல் அவனால் முடியவில்லை. பூட்டிய வீட்டின் சிமெண்டுத் தரையில் படுத்தே கிடந்து, நாய்க்கு எடை ஏறியது, இடுப்பு விழுந்தது. முடி சிக்குப் பிடித்து, சாக்குத் துண்டுகளை ஒட்டவைத்தது போல ஆயிற்று. முடி வெட்டும் ஒரு கடைக்குக் கொண்டுபோனான். மெஷினை வைத்ததும் கடிக்க வந்தது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஒரு நாள் காலை அந்தத் தம்பி ஒரு குட்டியானை லோடு வண்டியோடு வந்தான். நாயை நடத்திக்கொண்டு வரும்போது எங்கள் கேட்டுக்கு எதிரே அது உட்கார்ந்துவிட்டது. எழுந்திருக்க முடியவில்லை. வீட்டுக்காரர் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் வேலைக்குக் கிளம்பி இறங்கிக்கொண்டிருந்தேன்.

"எங்கே தம்பி கூட்டிட்டுப் போறீங்க?" என்று கேட்டார்.

"ஊருக்கு வெளியே ஒரு தோப்பு இருக்கு சார். அங்க விட்டுடலாம்னு. என்னால பார்க்க முடியல சார், சத்தியமா. எங்க அக்கா அடுத்த வருஷம்தான் வருவா." அவன் கண் கலங்கியது. பிறகு பாதி விளையாட்டாக, "நீங்க வேணா வச்சுக்கறீங்களா?" என்றான்.

அவர் தண்ணீர்க் குழாயைக் கீழே வைத்தார். நாயைப் பார்த்தார். நாய் அவரைப் பார்த்தது.

"யோசிச்சுச் சொல்றேன்," என்றார்.

யோசித்தார். நாங்கள் நின்றோம். குட்டியானை டிரைவர் ஹாரன் அடித்தார். தம்பிக்கு ஆபீசிலிருந்து போன் வந்தது. கீழே விட்டிருந்த குழாய்த் தண்ணீர் தெருவரைக்கும் போய்விட்டது. அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தார். கடைசியில் தம்பி சங்கிலியை எங்கள் கேட்டில் மாட்டிவிட்டு, "சாயங்காலம் வரேன் சார், யோசிச்சு வைங்க," என்று ஓடினான். சாயங்காலம் வரவில்லை. மறுநாள் போன் செய்து, யோசித்தீர்களா என்று கேட்டான். யோசித்துக்கொண்டிருப்பதாக இவர் சொன்னார். அதற்கும் அடுத்த நாளும் அதையே சொன்னார். பிறகு அவன் போன் செய்வதை விட்டுவிட்டான்.

"ஏம்மா, நாங்க நாய் வளர்க்கிறோம்னு தெருவுல எல்லாரும் சொல்றாங்க," என்றார் அக்கா என்னிடம். "நாங்க எப்பம்மா வளர்க்கிறோம்னு சொன்னோம்?"

தில்லை நகரில் ஒரு கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். வயதில் சின்னவர், நிதானமான பெண். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"ரெண்டு இடுப்பு மூட்டும் தேய்ஞ்சிருக்கு. மாத்திரை தரேன், எடையைக் குறைங்க. ஆனா இப்போதைக்கு இதைப் படுத்தறது இந்த முடிதான். தோலோட ஒட்டி சிக்கு விழுந்திருக்கு பாருங்க. ஒவ்வொரு தடவை எழுந்திருக்கும்போதும் யாரோ முடியைப் பிடிச்சு இழுக்கிற மாதிரி இருக்கும். மூட்டு வலியோட அதுவும் சேர்ந்துக்குது."

"மயக்க மருந்து கொடுத்து மொத்தமா எடுத்துடலாமா டாக்டர்?" என்று அக்கா கேட்டார்.

"எடுக்கலாம். வயசாயிடுச்சு, இதயத் துடிப்பும் சரியில்லை. மயக்க மருந்துன்னா எனக்குக் கொஞ்சம் பயமா இருக்குங்க. கையாலயே கொஞ்சம் கொஞ்சமா எடுத்தா நல்லது. ஆனா மாசக்கணக்கா ஆகும். யாருக்குங்க அவ்வளவு பொறுமை இருக்கு?"

நானும் அக்காவும் ஒரே சமயத்தில் அவரைத் திரும்பிப் பார்த்தோம். சுவரில் ஒட்டியிருந்த நாய் ஜாதிகள் படத்தை அவர் படித்துக்கொண்டிருந்தார். முதல் வரிசையைத் தாண்டவில்லை.

டாக்டர் சொல்லச் சொல்ல அவர் கேட்டுக்கொண்டார். நிற்கவைக்கக் கூடாது, மெத்தையில் படுக்கவைத்தே செய்ய வேண்டும். தரை வழுக்கக் கூடாது. பின்னங்காலைப் பக்கவாட்டில் தூக்கவே கூடாது. ஒரு தடவைக்குக் கொஞ்ச நேரம், நாய் போதும் என்றால் நிறுத்திவிட வேண்டும்.

"போதும்னு அது எப்படிச் சொல்லும்?" என்றார் அக்கா.

"சொல்லும்," என்றார் டாக்டர்.

போர்டிகோவில் ரப்பர் பாய் விரித்து, அதன்மேல் ஒரு பழைய பஞ்சு மெத்தை போட்டார்கள். வெயில் ஏறுவதற்கு முன் வேலை தொடங்கும். எனக்கு மத்தியான ஷிப்ட் இருந்த நாட்களில் நான் கீழே வந்து நாயின் தலையை மடியில் வைத்துக்கொள்வேன். அவர் சிக்கின் மேல் கொஞ்சம் சோளமாவைத் தூவுவார். இடது கை விரல்களால் முடியின் அடியை இறுக்கிப் பிடித்துக்கொள்வார், இழுப்பு தோலுக்குப் போகாமலிருக்க. வலது கையால் சிக்கின் நுனியை இழை இழையாகப் பிரிப்பார். விரலால் பிரித்து முடிந்த பிறகுதான் சீப்பு. அதுவும் நுனியிலிருந்து. நாய் தொண்டைக்குள் லேசாக உறுமினால் இரண்டு கைகளையும் எடுத்துவிடுவார். காத்திருப்பார். அது பெருமூச்சு விட்டுத் தலையைச் சாய்த்த பிறகு, விட்ட இடத்தில் தொடங்குவார்.

ஒரு காதுக்குப் பின்னால் இருந்த ஒரு சிக்கு, புளியங்கொட்டை அளவு இருக்கும், அதற்கு ஒரு முழுக் காலைப்பொழுது ஆயிற்று. என் கால் மரத்துப்போனது.

"சார், இதைக் கத்திரியால வெட்டிடலாமே," என்றேன்.

"வெட்டிடலாம்," என்று ஒத்துக்கொண்டார். கத்திரிக்கோல் பக்கத்திலேயேதான் இருந்தது. அவர் அதைத் தொடவில்லை. விரல்கள் பிரித்துக்கொண்டே இருந்தன. நானும் கேட்டதோடு சரி, உட்கார்ந்தே இருந்தேன். வேலைக்குப் போன பிறகு, என்னிடம் ரத்தம் கொடுத்துவிட்டு எழுந்த ஒருவர், "இன்னிக்கு என்னம்மா, மெதுவா பண்றே?" என்று கேட்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது. தொற்றிக்கொண்டுவிட்டது.

ராக்கெட்டின் மோசமான சிக்கு பின்தொடைகளுக்கு நடுவில் இருந்தது. இரண்டு தொடை முடியும் ஒன்றோடொன்று பின்னி, கயிற்றால் கட்டியது போல ஆகியிருந்தது. பாதி நொண்டலுக்கு அதுதான் காரணம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்காரர் ஒதுக்கி வைத்திருந்தார். அவருடைய 'கடைசி' எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

ஒரு நாள் காலை அவர் நாய்க்கு மாத்திரை வாங்க மருந்துக்கடைக்குப் போனார். எப்படியும் நேரமாகும். அக்கா தன் தையல் கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டு நாயிடம் உட்கார்ந்தார். வந்து பார்த்து ஆச்சரியப்படட்டும் என்று நினைத்தாராம். சிக்கை எட்டுவதற்காகப் பின்னங்காலைப் பக்கவாட்டில் தூக்கியிருக்கிறார்.

மாடியில் இருந்த எனக்கு அந்தக் குரல் கேட்டது. நாயின் குரல் என்றே தோன்றவில்லை. ஓடி வந்தேன். அக்காவின் மணிக்கட்டில் பல் இறங்கி ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. நாய் இருந்த இடத்திலேயே சிறுநீர் விட்டிருந்தது. பின்பாகத்தை இழுத்துக்கொண்டு மாடிப்படிக்கு அடியில் போய் ஒடுங்கி, நடுங்கிக்கொண்டிருந்தது. அக்காவின் கையைக் குழாயடியில் பிடித்து, சோப்புப் போட்டு வெகுநேரம் கழுவினேன்.

அவர் வந்தார். அக்கா அழுதுகொண்டே சொன்னார். "இதைக் கொண்டுபோய் விட்டுட்டு வாங்க. இன்னிக்கே."

"விட்டுடலாம்," என்றார். முகம் வெளுத்திருந்தது. எங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் காரை எடுத்தார். அன்றைக்குக் கண்ணாடியைத் துடைக்கவில்லை. ஆனால் பாலத்தில் அதே வேகம்தான்.

"நாய்க்குத் தடுப்பூசி போட்டாச்சுல்ல? நல்லவேளை," என்றார் அக்கா, வலியோடு. "இவர் என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறதுக்குள்ள நானே குரைக்க ஆரம்பிச்சுடுவேன்."

நாங்கள் மூவருமே சிரித்துவிட்டோம். ஆனால் விஷயம் சிரிப்போடு முடியவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு அக்கா அவரோடு பேசவில்லை. நாயைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வரச் சொன்னது சொன்னதுதான். அவர் மறுக்கவும் இல்லை, விடவும் இல்லை. நாய் படிக்கட்டுக்கு அடியை விட்டு வெளியே வரவில்லை. பின்பக்கம் யார் நிழல் பட்டாலும் பல்லைக் காட்டியது. அத்தனை நாள் வேலையும் தண்ணீரில் போயிற்று.

அவர் ஒரு முக்காலியைப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு பேப்பர் படிக்க ஆரம்பித்தார். நாயைப் பார்க்கவில்லை, பேசவில்லை. தினமும் அதே இடம். சில நாள் கழித்து மடியில் சீப்பு இருந்தது. எடுக்கவில்லை, வைத்திருந்தார். அதற்கும் பிறகு சீப்பின் முதுகுப் பக்கத்தை நாயின் தோளில் வைத்து எடுத்தார். அவ்வளவுதான் அன்றைய வேலை.

நான் மாடிக்கு ஏறும்போது அக்கா சமையல்கட்டு ஜன்னலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னை உள்ளே கூப்பிட்டார்.

"எனக்கு நாய் மேல கோபம் இல்லம்மா. நான்தான் தப்பாத் தூக்கினேன், தெரியுது. ஆனா இவ்வளவு வருஷத்துல எனக்குத் தலைவலி, காய்ச்சல் எல்லாம் வந்திருக்கு. ஒரு நாளாவது இப்படி வந்து பக்கத்துல உட்கார்ந்தாரா? மாத்திரை வாங்கப் போவார். வர்றதுக்குள்ள எனக்கு சரியாயிடும்."

அவரை நாங்கள் எல்லோரும் கேலி பேசுவோம், அதிகமாக அக்காதான். அந்தக் கேலிக்குள் இப்படி ஒன்று இருந்தது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அடுத்த முகூர்த்த நாளில் அவர்கள் உறவில் ஒரு கல்யாணம். அக்காவுக்கு இடுப்புவரை முடி. கையில் கட்டு. தானே வார முடியாது. என்னைக் கூப்பிட வந்தவரை வழியிலேயே நிறுத்தி, "சீப்பைக் கொடு," என்றார் அவர்.

"வேணாம். நேரமாகுது."

"உட்காரு. வாரிடலாம்."

அக்கா அவரைப் பார்த்தார். மாடிப்படியில் நின்ற என்னைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, போர்டிகோ படியில் உட்கார்ந்தார். "நாய் சீப்பு இல்லையே?"

"இல்ல. பார்த்துட்டேன்."

அவர் ஒரு படி மேலே உட்கார்ந்து அக்காவின் முடியைக் கையில் எடுத்தார். அடியை இடது கையால் பிடித்துக்கொண்டார். நுனியிலிருந்து தொடங்கினார். அக்கா வாய் ஓயாமல் திட்டினார். முகூர்த்தம் ஒன்பதுக்கு என்றார். பொண்ணோட அம்மா முகத்துல எப்படி முழிக்கிறது என்றார். நம்ம கல்யாணத்துக்குத்தான் லேட்டு, அடுத்தவங்க கல்யாணத்துக்குமா என்றார். அவர் எல்லாவற்றுக்கும் "ஆமாம்" சொல்லிக்கொண்டே இழை பிரித்தார். நான் வேலைக்குப் போகும்போது பாதிதான் முடிந்திருந்தது. அக்காவின் குரல் மெல்ல மெல்லத் தேய்ந்து, கண் மூடியிருந்தது. படிக்கட்டுக்கு அடியிலிருந்து நாய் தலையை நீட்டி இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தது.

அவர்கள் போனபோது கல்யாணம் முடிந்து பந்தியும் முடிந்துவிட்டதாம். பாயசம் மட்டும் கிடைத்தது என்று அக்கா சொன்னார். நாயைக் கொண்டுபோய் விடுவதைப் பற்றி அதன் பிறகு அக்கா பேசவில்லை.

நாய் மெத்தைக்குத் திரும்பியது. தொடைச் சிக்கை எடுத்த அன்று நான் விடுப்பில் வீட்டில் இருந்தேன். அக்காதான் தலைமாட்டில் உட்கார்ந்து, தயிர்ச்சோற்றைச் சின்னச் சின்ன உருண்டையாக ஊட்டினார். அவர் நாயின் காலைத் தூக்காமல், கிடந்த கிடையிலேயே, தரையோடு தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டு விரலை நுழைத்தார். பல நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து வந்ததில் சிக்கு ஓர் இழையில்தான் நின்றிருந்தது. அது விட்டதும் கையில் ஒரு கெட்டியான மயிர்ப்பந்து வந்தது. நாய்க்குத் தெரியவில்லை. உருண்டையைத் தின்றுகொண்டிருந்தது.

வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்டி, துண்டுகளால் ஒற்றி, ஈரம் மூட்டில் தங்காதபடி காயவைத்தார். வயிற்றுக்கு அடியில் ஒரு நீளத் துண்டைக் கொடுத்து இருபக்கமும் பிடித்துத் தூக்கிவிட்டார். ராக்கெட் நின்றது. முன்னால் ஓர் அடி வைத்தது. பின்னங்கால் எதிர்பார்த்ததைவிட அகலமாகப் போய்விட்டது போல. நின்று திரும்பித் தன் காலையே பார்த்தது. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அதன் பிறகு தெருவில் அந்த இருவரும் நடக்கும் காட்சி ஸ்ரீரங்கத்தில் எங்கள் பகுதிக்குப் பழகிப்போனது. முடி தேன் போல மின்னிக்கொண்டு நாய். துண்டின் இரு முனையையும் பிடித்துக்கொண்டு அவர். ரயில் நிலையத்திலிருந்து வருகிறவர்கள் இவர்களைத் தாண்டி, வீட்டுக்குப் போய், குளித்து, கடைக்கு வரும்போதும் அதே மின்கம்பத்துக்குப் பக்கத்தில் பார்ப்பார்கள். "இதுல யார் பேரு ராக்கெட்?" என்று இஸ்திரிக்காரர் தினமும் கேட்பார். தினமும் அவர் அதை யோசிப்பார்.

தெருக்கோடி வீட்டுப் பெண் அடுத்த வருஷம் வந்தாள். தம்பி, நாயைத் தோப்பில் விட்டதாகத்தான் அவளிடம் சொல்லியிருந்தான். ஊருக்கு வந்த பிறகுதான் தெருக்காரர்கள் சொல்லி விஷயம் தெரிந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை, நானும் அக்காவும் போர்டிகோவில் பேசிக்கொண்டிருந்தபோது கேட்டைத் திறந்துகொண்டு வந்தாள். மெத்தையில் நாய் படுத்திருந்தது. அவர் அதன் பாதத்து விரல்களுக்கு நடுவே வளர்ந்த முடியை, வழுக்காமல் இருப்பதற்காக, வெட்டிக்கொண்டிருந்தார்.

"ராக்கெட்," என்றாள்.

நாயின் வால் மெத்தையை அடித்தது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். நல்ல பெண்தான். சென்னையில் வீடு பார்த்துவிட்டதாகவும், திரும்பி வந்துவிட்டதாகவும் அழுகைக்கு நடுவே சொன்னாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் கூட்டிட்டுப் போகலாமா சார்?" என்று கேட்டாள்.

அக்கா சட்டென்று அவர் முகத்தைப் பார்த்தார். அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். வாழ்நாளில் யாருக்காவது இல்லை என்று சொல்லியிருக்கிறாரா?

"கூட்டிட்டுப் போங்கம்மா," என்றார். கத்திரிக்கோலைக் கீழே வைத்தார். "உங்க நாய்தானே." கொஞ்ச நேரம் கழித்து, "இதை எப்படி வாரணும்னு காட்டிடறேன். இல்லாட்டி அதுக்கு வலிக்கும்," என்று சீப்பை அவளிடம் நீட்டினார்.

அவள் வாங்கிக்கொண்டாள். பழைய பழக்கத்தில் ஒரே இழுப்பாக முதுகில் சீவினாள். நாய் உறுமியது. கையை எடுத்துக்கொண்டு பயந்து பார்த்தாள்.

"ஒண்ணும் அவசரம் இல்ல," என்றார். "அடியைப் பிடிச்சுக்குங்க. நுனியிலிருந்து வாங்க."

அவளுக்கு அருகில் உட்கார்ந்து விரல் வைக்கும் இடத்தைக் காட்டினார். வலது பின்னங்காலை எந்த உயரத்துக்கு மேல் தூக்கக் கூடாது என்பதைச் சொன்னார். உட்கார்ந்தால் எழுப்பும் விதத்தைச் சொன்னார். மழை நாளில் இடதுபக்கம் படுக்காது, வலதுபக்கம்தான் என்றார். எதையும் அவர் வேண்டுமென்று நீட்டவில்லை, அவர் எப்போதும் பேசுகிற பேச்சே அதுதான். வெயில் போர்டிகோவுக்குள் வந்துவிட்டது. அக்கா இரண்டு தடவை காபி கொண்டுவந்து வைத்தார். அந்தப் பெண் ஒரு காதை முடித்திருந்தாள். அவளுக்கு நன்றாகவே வந்தது. உறுமல் நின்றிருந்தது. நாய் ஒரு தடவை அவள் கையை நக்கியது. பிறகு தலையைத் தூக்கி, சுற்றிலும் பார்த்து, கொஞ்சம் நகர்ந்து அவர் காலின்மேல் சாய்த்து வைத்துக்கொண்டு தூங்கிவிட்டது.

அவள் சீப்பை மெத்தையில் வைத்தாள். வெகுநேரம் நாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், எங்க ரெண்டு பேருக்கும் ஆபீஸ். பகல் முழுக்க வீடு பூட்டித்தான் இருக்கும். இவன் இங்கேயே..."

"சரிங்க," என்றார்.

அவள் முடிக்கவே இல்லை. அவ்வளவு நாளில், ஒருவர் பேசி முடிப்பதற்கு முன்பே அவர் பதில் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். அக்கா காபி டம்ளரைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தார். அந்தப் பெண் அழுகையோடு சிரித்துவிட்டாள்.

அவர் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. சீப்பை எடுத்து, அதில் மாட்டியிருந்த முடியை ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்திருந்தார். காதெல்லாம் சிவந்திருந்தது. "மாடிக்குப் போம்மா, உனக்குச் சமையல் இருக்கும்ல," என்று அக்கா என்னிடம் சொன்னார். "இவர் இதை முடிச்சு எழுந்திருக்க மத்தியானம் ஆயிடும்."